கர்த்தர் பார்த்துக்கொள்வார்... நாம்?



"கவலைப்படாதடா, எல்லாம் கர்த்தர் பாத்துக்குவார்!" நம் விடுதியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அரியர்ஸ் வைத்தவனும் சொல்கிறான், ரெக்கார்டு நோட்டைத் தொடாதவனும் சொல்கிறான். கேட்கிற மற்ற நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை என்பேன்!

மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு பறவைகளையும் பூக்களையும் காட்டிக் கவலையை விடச் சொன்னார். வேலையை விடச் சொல்லவில்லையே! இந்த வித்தியாசத்தை வாழ்ந்து காட்டியவர் ஜார்ஜ் முல்லர்.

1805-ல் பிரஷ்யாவில் பிறந்த இவர், 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். எவரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது... இதுதான் அவர் தீர்மானம். 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் 5 பெரிய கட்டடங்கள் எழுந்தன. சுமார் 2,000 பிள்ளைகள் தங்க இடம் கிடைத்தது. 1898-ல் அவர் காலமானார்.

முழங்காலில் நின்ற அதே மனிதர் கணக்குப் புத்தகத்தையும் ஒழுங்காக வைத்திருந்தார்! வந்த காணிக்கைக்கு ரசீது, ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கை. "அறிக்கை போடுவதே மறைமுகமாகக் கேட்பதுதானே?" என்று சிலர் கேட்கலாம். பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்டுவது விசுவாசக் குறைவாகுமா? பிள்ளைகளைப் படிக்க வைத்து, பையன்களைத் தொழில் பழகவும் அனுப்பினார். ஜெபித்தாயிற்று, இனி தொழில் எதற்கு என்று அவர் இருந்துவிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பீஸ் கட்டும் மாதம் அம்மா ராத்திரி ஜெபம் பண்ணுவாங்க, விடிந்ததும் வேலைக்குப் போவாங்க. ஜெபம் பண்ணியதால் பயமில்லாமல் தூங்கி எழுந்தாங்க, தெம்பா வேலை செய்தாங்க. நம்பிக்கையின் பலன் இதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்கிறேன். பிரிஸ்டல் பிள்ளைகளுக்கு ரொட்டி மனிதர்கள் கையால்தான் வந்து சேர்ந்தது. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பையே விட்டுவிட நினைக்கிற பக்கத்து அறை நண்பனுக்குக் கடவுள் அனுப்பும் ஆள் நாமாகவே இருக்கலாம் அல்லவா? அவனிடம், "கர்த்தர் பாத்துக்குவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனால் எப்படி?

தோழர்களே, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் கட்டணத்தைக் கட்டுவோம். பிறகு அந்த வார்த்தையைச் சொல்வோம். அவனும் நம்புவான்!