பட்டயம் கொழும்புக்கு, குப்பை கொக்குக்கு

கொழும்பின் தெற்கு எல்லையிலுள்ள பெல்லன்வில – அத்திட்டிய சதுப்பு நிலத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். 372 ஹெக்டேயர் பரப்பு. 1990இல் சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் இன்னும் இருக்கின்றன. கரையோரம் குப்பைப் பைகளும் இருக்கின்றன.

ராம்சர் உடன்படிக்கையின் கீழ் 2018இல் 'ஈரநில நகரம்' என்று பட்டயம் பெற்றது கொழும்பு. அப்பெருமையை மேடையில் பேசுவோர் இக்கரையில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

பறவைகளுக்காக மட்டும் நான் வாதிடவில்லை. மழை வெள்ளத்தைத் தாங்கும் தாழ்நிலம் இது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை மறந்துவிட்டோமா? மலைச்சரிவை வெட்டினால் மண் சரியும், சதுப்பை மூடினால் நீர் ஏறும். வட்டகொடையில் பிறந்தவனுக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வர்த்தமானித் தாள் வேலியாகாது. மண் கொட்டுபவர் மீதும் குப்பை கொட்டுபவர் மீதும் வழக்குத் தொடுங்கள். அதன் பின்னர் பட்டயத்தைச் சுவரில் மாட்டுங்கள்.