பஞ்சுப் பொதிக்கு மேலே வெடிமருந்து!

செல்லிப்பட்டில் ஆறுதானே ஓடுகிறது, கப்பல் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். துறைமுகத்தில் இறங்கும் வெடிமருந்து அங்கேயே கிடப்பதில்லை சகோதரர்களே! லாரி ஏறி ஊர் வழியாகத்தான் போகிறது.

1944 ஏப்ரல் 12. ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா துறைக்குள் வந்து நின்றது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய 8,700 பஞ்சுப் பொதிகள் வேறு. எப்படி அடுக்கினார்கள் தெரியுமா? இரண்டாம் அறையில் அடியில் பஞ்சு, அதற்கு மேல்தட்டில் வெடிமருந்து! அடுப்பின் மேல் மருந்துச் சட்டி! கேட்டால், போர்க்கால அவசரமாம். எச்சரிக்கைச் சிவப்புக் கொடியும் இல்லை. இயந்திரமோ பழுதுபார்ப்பில்.

14ஆம் தேதி பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைக் கொட்டினார்கள். நெருப்பிருந்த இடம் சிக்கவில்லை. மூழ்கடிப்பதா, வெளியே இழுப்பதா? அதிகாரிகள் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். துணிந்து உத்தரவிட ஒருவருமில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு வெடித்தது. அரை மணி நேரத்தில் மறுபடியும். 66 தீயணைப்பு வீரர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் அவ்வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். அந்தப் பொதிகளை அடுக்கச் சொன்னவன் யார் என்று அன்று யாரும் கேட்பதில்லையே!

செய்ய வேண்டியது பெரிய வித்தையா? எரியும் சரக்கை வெடிமருந்தோடு சேர்க்காதே. ஊரை விட்டு விலகி நங்கூரமிட்டு, படகு வழியே ஏற்று, இறக்கு. இயந்திரத்தைப் பிரிக்காதே. இழுவைக் கம்பியைத் தொங்கவிட்டே வை. சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. இவ்வளவுதான்!

அது வெள்ளையன் காலம் என்று தப்பிக்க முடியுமா? 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட், சென்னை மணலியில் ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூத் துறைமுகம் 2,750 டன்னோடு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் மணலிச் சரக்கு ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. பெய்ரூத் வெடித்திராவிட்டால்?

ஆட்சியாளர்களே! ஆபத்தில் கப்பலை வெளியே இழுக்க உத்தரவிடும் அதிகாரி யார்? ஒரே ஒருவர் பெயரைத் துறைமுக வாசலில் எழுதி வையுங்கள். கிடங்கில் என்ன, எத்தனை டன், எத்தனை நாளாக என்ற பட்டியல் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கும், லாரி போகும் நாள் வழியிலுள்ள கொம்யூன் பஞ்சாயத்துக்கும் முன்கூட்டியே வந்தாக வேண்டும்.