மகரந்த முன்னறிவிப்பும் கிராம அடங்கலும்

மணிலாப் பயிருக்கு இலைப்புள்ளி நோய் எப்பொழுது வருமென்று பருவத்தைக் கவனித்து முன்கூட்டியே எச்சரிப்பது விவசாய இலாகாவின் கடமையென்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். காற்றில் மிதந்து வரும் மகரந்தப் பொடியினால் மனிதருக்கு உண்டாகும் தும்மல், கண்ணரிப்பு, இரைப்பு முதலியன எந்த வாரத்தில் மிகுமென்று அறிவிப்பதும் அதே வகையான வேலைதான் என்பது எமது அபிப்பிராயம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வசிப்போர் சுவாசிக்கும் மகரந்தம் நகரத்துக்குள் மட்டும் உண்டாவதன்று. சுற்றிலுமுள்ள வயல், வரப்பு, தரிசு, ஏரிக்கரை, ரயில்பாதையோரம் ஆகிய இடங்களிலிருந்தும் காற்று அதனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆதலின் நகரத்தாருக்கு வேண்டிய முன்னறிவிப்புக்குக் கிராமங்களே ஆதாரமாகும்.

மகரந்தமே இவ்வியாதிக்குக் காரணமென்பதை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து வைத்தியரான பிளாக்லி என்பவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1873-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். காற்றிலுள்ள பொடியைப் பிடித்து எண்ணும் வித்தையோ விவசாயிகளுக்காகவே வளர்ந்தது. ஆக்ராவைச் சேர்ந்த கே. ஸி. மேத்தா என்னும் பேராசிரியர், பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து ஆராய்ந்து, கோதுமைத் துருநோயின் வித்துக்கள் மலைப்பிரதேசங்களிலிருந்து சமவெளிக்குக் காற்றில் வருவதை விளக்கினார். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹர்ஸ்ட் என்பவர் 1952-இல் அமைத்த கருவி, பயிர்நோய் வித்துக்களைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. இன்று உலகெங்கும் மகரந்தத்தை எண்ணுவதற்கு அதன் வழிவந்த கருவிகளே பயன்படுகின்றன. நமது தேசத்திலும் சண்டிகர் நகரத்துக்கு எந்த மாதத்தில் எந்த மகரந்தம் மிகும் என்று காட்டும் நாட்காட்டியை அவ்வூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தாரும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் தயாரித்து, 2022-இல் வெளிவந்தது.

சண்டிகரின் நாட்காட்டி நமக்குப் பொருந்தாது. அவ்விடத்து மரங்களும் பருவங்களும் வேறு. கைப்பேசியில் மகரந்த அளவு என்று தோன்றும் எண்ணும், உள்ளூர்க் காற்றைத் தகட்டில் பிடித்து எண்ணியதாயின் நம்பத்தக்கது. தூரத்திலிருந்து கணக்கிட்டதாயின் அதை உத்தேசமாகவே கொள்ளவேண்டும்.

நம் பக்கத்தில் கவனிக்கவேண்டிய தாவரங்கள் முக்கியமாக மூன்று. முதலாவது, 1955-ஆம் ஆண்டளவில் புனாவில் காணப்பட்டு, பின்னர் தேசமெங்கும் பரவிய பார்த்தீனியம் என்னும் விஷக்களை. இது முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் பூக்கும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும், மூக்கில் ஏறினால் தும்மலும் இரைப்பும் உண்டாகும். இரண்டாவது, வேலிகாத்தான் என்று நம் குடியானவர்கள் வழங்கும் சீமைக் கருவேலம். மூன்றாவது, மரக்காணம், வானூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் சவுக்கு. இது பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களிலும், மறுபடி புரட்டாசியை ஒட்டியும் பூக்கும். இதன் மகரந்தத்தைக் காற்றே சுமக்கின்றது. இவற்றுடன் புல்லினங்களும் முள்ளிக்கீரை போன்ற களைகளும் சேரும்.

பகட்டான நிறமும் மணமும் உள்ள பூக்களின் மகரந்தம் பெரும்பாலும் பிசுபிசுப்பானது. வண்டும் தேனீயுமே அதனைச் சுமப்பன. காற்றில் வருவதோ கண்ணுக்குப் புலப்படாத நுண்பொடி. ஆயினும் ஜனங்கள் கண்ணுக்குத் தெரியும் இலவம்பஞ்சையும் முற்றத்துப் பூச்செடியையுமே பழிப்பர்.

இங்குதான் நிலமுடையோர் சிந்திக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் குறித்து அரசாங்கமும் 2022-இல் கொள்கை வகுத்தது. நீரையும் நிலத்தையும் காப்பதே அவற்றின் நோக்கம். நாளை நகரத்தாரின் இரைப்புக்குச் சவுக்கே காரணமென்று ஒருவர் கூறினால், பல ஆண்டுகள் முதலைப் போட்டுக் காத்திருக்கும் குடியானவர் என்ன பதில் சொல்வார்? அந்த வாரத்தில் காற்றில் இருந்தது சவுக்கின் பொடியா, பார்த்தீனியத்தின் பொடியா என்பதற்குக் கணக்கு இருந்தாலன்றி நியாயம் விளங்காது. பயிரையும் களையையும் ஒரே தராசில் நிறுத்துவது தகாது. அதற்காகவே உண்மையான கணக்கு வேண்டுமென்கிறோம்.

அக்கணக்கு பாதி நம் கையிலேயே உள்ளது. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலியிலும் எந்தச் சர்வே நம்பரில் என்ன பயிர் நிற்கிறதென்று அடங்கலில் எழுதுகின்றார். அதனுடன் ஒரு தனித்தாளில், சவுக்கு பூத்த வாரம், வேலிகாத்தான் பூத்த வாரம், முதல் நல்ல மழை பெய்த தேதி, பார்த்தீனியம் மண்டிய இடம் ஆகிய நான்கையும் குறித்துவரட்டும். மாதம் ஒரு நாழிகைகூட ஆகாது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பசை தடவிய தகட்டை நாள்தோறும் வைத்து எண்ணவும், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இரைப்புக்காக வருவோர் தொகையை வாரந்தோறும் ஒப்பிடவும் ஏற்பாடு செய்யவேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்தால், செவ்வாய், வெள்ளிகளில் வெளிவரும் விவசாய வானிலை அறிக்கையோடு மகரந்த எச்சரிக்கையும் சேர்த்து வழங்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21-ஆம் தேதி இடிமழையோடு புல்லின் மகரந்தம் கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சுத்திணறல் கண்டு, பத்துப் பேர் மாண்டனர். அதன் பின்னரே அந்நாட்டார் இத்தகைய இடிமழை இரைப்புக்கான முன்னறிவிப்பைத் தொடங்கினர். அப்படிப்பட்ட துன்பம் வரும்வரை நாம் காத்திருக்கலாகாது.

“கூலியாள் கிடைப்பதே அருமையாயிருக்க, பட்டணத்தார் தும்மலுக்காக நாங்கள் களை பறிப்பதா?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் பார்த்தீனியத்தில் முதலில் கைவைப்பவர் களையெடுக்கும் பெண்களே. அன்றியும் அதன் மகரந்தம் தக்காளி, கத்தரி, அவரை முதலியவற்றின் சூல்முடியில் படிந்து காய்ப்பிடிப்பைக் குறைக்கின்றதென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே நஷ்டம் நம்முடையதுமாகும்.

எல்லாவற்றிலும் சுலபமான முன்னறிவிப்பு ஒன்றுண்டு. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த தேதியைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து முப்பதாம் நாள் முதல் பார்த்தீனியம் பூக்குமென்று எதிர்பார்க்கலாம். இருபது நாளுக்குள் மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை அணிந்து, மூக்கைத் துணியால் மூடி வேரோடு பிடுங்குக. பூவாத செடியை எருக்குழியிலிடலாம், பூத்ததை இடலாகாது. பயிரில்லாத தரிசில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையலுப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். விளைநிலத்தருகே இதனைச் செய்தல் ஆகாது. இரைப்புடையவர் இவ்வேலைக்குச் செல்லாமல் வைத்தியரைக் கண்டு மருந்து பெறுவதே நலம்.

கருவியும் தகடும் வரும்போது வரட்டும். தேதி குறிக்கும் தாளுக்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை. இவ்வைப்பசி மழையிலேயே ஒவ்வொரு கிராமமும் அதனைத் தொடங்குமாயின், முதல் முன்னறிவிப்பு நம் கிராமங்களிலிருந்தே பிறக்கும்.