இரவில் மூடும் மலைவழி

தபதி ஆற்றின் தென்புறம் தொடங்கிக் குமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில், இயற்கை அகலத் திறந்துவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். மலைச்சரிவை வெட்டி நாமே அமைத்துக்கொண்ட வழிகளோ பல.

சத்தியமங்கலத்திலிருந்து கருநாடகம் செல்லும் திம்பம் சாலை அவற்றுள் ஒன்று. அதன் 27 கொண்டை ஊசி வளைவுகளும் புலிகள் காப்பகத்தினுள் உள்ளன. கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகள் கைகோக்கும் அக்காட்டில், யானைகள் நீரும் மேய்ச்சலும் தேடி வலசை செல்லும் தடங்களை இச்சாலை குறுக்கே அறுக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2022இல் நடைமுறைக்கு வந்த இரவுப் போக்குவரத்துத் தடை நீடிக்கவேண்டும் என்பதே என் கருத்து. சரக்குந்து விடியும்வரை காத்திருக்கலாம். பகலெல்லாம் ஊர்திகள் ஓயாத சாலையைக் கடக்க விலங்குக்கு இரவன்றி வேறு பொழுதேது?

ஆயினும், மலைமேல் வாழும் தாளவாடி மக்களின் முறையீடு புறந்தள்ளத்தக்கதன்று. தம் மாவட்டத் தலைநகராகிய ஈரோட்டுக்கு அவர்கள் இவ்வழியேதான் இறங்கவேண்டும். தடையிலிருந்து விலக்கு அளிப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. இரவில் மலையிறங்கும் தேவையே எழாதவாறு உயர்மருத்துவ வசதியும், காய்கறிகளைக் காக்கும் குளிர்பதனக் கிடங்கும் அங்கேயே போதிய அளவில் அமையவேண்டும். அதுவரை, காட்டைக் காப்பதன் சுமையில் பெரும்பங்கு அச்சிற்றூர்களின்மீதே விழும்.