ஊனத் தொகையில் கை வைக்காதே!



மும்பைக்குப் பிழைக்க வந்த நமக்கு உடம்பு ஒன்றுதான் முதல். மூட்டை தூக்கினோம், சாரம் கட்டினோம், தாராவியில் தோல் பதனிட்டோம். சாரத்திலிருந்து விழுந்தோ, இயந்திரத்தில் கை சிக்கியோ அந்த முதல் போய்விட்டால், வீட்டுக்கு இரண்டு வந்து சேருகின்றன. ஒன்று ஆஸ்பத்திரிக் கடன், மற்றது உதவித்தொகை. கடன் அன்றே வருகிறது. தொகையோ சான்றிதழுக்கும் கையெழுத்துக்கும் அலைந்து தேய்ந்த பிறகு வருகிறது. பின்னால் வருவதை முன்னால் வந்தது விழுங்கலாமா? இதுவே நம் கேள்வி.

அந்தத் தொகைதான் எவ்வளவு? 2009இல் மத்திய அரசு ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். 2012இல் மாதம் 300 ரூபாய் ஆக்கினார்கள். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்க்கின்றன. மகாராஷ்டிர அமைச்சரவை ஊனமுற்றோருக்கான தொகையை 1,500இலிருந்து 2,500 ஆக உயர்த்த 2025 செப்டம்பரில் முடிவு செய்தது. இது பிச்சையல்ல. உழைக்க முடியாதவன் உயிரோடிருக்கச் சமுதாயம் தரும் பங்கு.

இந்தப் பங்கைக் கடன்காரன் தொடக்கூடாது என்பது சட்டத்துக்கே தெரியும். 1923இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், நட்டஈட்டை ஜப்தி செய்யலாகாது என்றது. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டம், ரொக்க உதவியை ஜப்தி செய்யலாகாது என்றது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இன்றும் சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, கைத்தொழிலாளியின் கருவி, கூலிக்காரரின் கூலி ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. பணக் கடனுக்காகப் பெண்ணைச் சிறைவைக்க முடியாது என்கிறது 56ஆவது பிரிவு. கட்ட வழியில்லாத ஏழையை, ஏமாற்றும் எண்ணம் இல்லாதபோது, கடனுக்காகச் சிறையில் தள்ளக்கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார்.

வேலி இருக்கிறது. ஆனால் அது நீதிமன்ற வாசலில் இருக்கிறது. வட்டிக்காரன் அந்த வாசலுக்கே போவதில்லை! ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்கும் இரவில் அவன் பணம் தருகிறான், பதிலுக்கு ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்கிறான். மாதம் பிறந்ததும் தொகையை எடுப்பவன் அவன். மருந்தில்லாமல் கிடப்பவன் நம் ஆள். எந்த நீதிபதியும் செய்ய முடியாத ஜப்தியை ஓர் அட்டை செய்துவிடுகிறது.

"வாங்கிய கடனைக் கட்ட வேண்டாமா?" என்று நம்மவரே கேட்பார்கள். மானமுள்ள கேள்விதான். கட்டக்கூடிய காலத்தில், கட்டக்கூடிய அளவில் கட்டுவோம். கால் இழந்தவனின் சோற்றைப் பறித்துக் கட்டுவது மானமல்ல. வட்டிக்காரனின் லாபம் மட்டுமே.

கடன் வாங்கும் முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. மகாராஷ்டிரத்தின் தர்ம ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கைகளை மிக ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றம் 2006இல் வகுத்த திட்டம் இது. கேட்காதவனுக்கு இந்தப் படுக்கை கிடைப்பதில்லை. பில் பாக்கிக்காக நோயாளியையோ சடலத்தையோ பிடித்துவைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் சொல்கிறது.

ஆகவே நாம் சொல்வது இது: ஏ.டி.எம். அட்டையையும் பாஸ்புக்கையும் எவரிடமும் அடகு வைக்காதீர்கள். வைத்திருந்தால் வங்கிக்குப் போய்ப் பழைய அட்டையை முடக்கி, புதியது வாங்குங்கள். மிரட்டல் வந்தால் தனியே நின்று பேசாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கும் காவல் நிலையத்துக்கும் நான்கு பேராய்ப் போவோம். அரசே, ஊனத் தொகைக்கான அட்டையை அடகு பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு!

தனி ஆளின் கடன் என்று பார்த்தால் அது அவமானம். நம் எல்லோருக்கும் நேரக்கூடியது என்று பார்த்தால் அது போராட்டம்.