வீட்டுத் தொட்டியில் பெருகும் வண்ணமீன்: பதிவு வேண்டும், கடை உரிமம் வேண்டாம்

வீட்டில் வண்ணமீன் வளர்த்து, பெருகும் குஞ்சுகளை விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் அந்தப் பதிவு செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகளின் கீழ் வரக் கூடாது. அது மீன்வளத் துறையிடம் இருக்க வேண்டும்; எத்தனை தொட்டி என்று எண்ணாமல், தொட்டியில் எந்த மீன் என்று கேட்க வேண்டும். சென்னையின் கீழ்க்கட்டளை, மூவரசம்பட்டு, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் பக்கத்து மொட்டை மாடிகளிலும் வீட்டின் பின்புறங்களிலும் மீன் வளர்ப்பவர்கள் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. பொழுதுபோக்குக்கு எதற்கு உரிமம் என்றுதான் நாங்கள் கேட்போம் எனப் பலர் நினைத்திருக்கலாம். உறுப்பினர்களிலேயே சிலருக்கு அந்த எண்ணம் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கை.

வளர்ப்பவர் விற்பவராக மாறுவது பெரும்பாலும் ஆசையால் அல்ல, மீனின் இயல்பால். ஒரு பெண் கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். நன்றாகத் தின்று வளர்ந்த மீன் என்றால் ஒரு ஈட்டில் இருபதுக்கு மேல். ஒருமுறை இணைந்தாலே போதும், ஆண் மீனை எடுத்த பிறகும் அடுத்தடுத்த ஈடுகள் வந்துகொண்டே இருக்கும். ஃபைட்டர் இன்னொரு வகை. ஆண் மீன் தண்ணீரின் மேல் நுரைக்கூடு கட்டி, பெண் இடும் முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டி வைத்துக் காவல் காக்கும். ஒரு கூட்டில் முந்நூறு நானூறு குஞ்சு பிழைத்தால் ஆண்களை மூன்று மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனிப் பாட்டிலில் போட வேண்டும், இல்லையென்றால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். இப்படி ஒரு ஜோடி வாங்கியவர் வீட்டில் அரை வருடத்தில் நூற்றுக்கணக்கான மீன் சேர்கிறது. அவர் முன் இருப்பவை நான்கே வழிகள்: கொல்வது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, கடைக்கோ தெரிந்தவருக்கோ விற்பது, ஏரியில் விடுவது. இந்த நான்கில் விற்பதைத்தான் சட்டம் கடினமாக்கி வைத்திருக்கிறது. ஏரியில் விடுவதை யாரும் கேட்பதில்லை. எங்கள் வாதம் முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சட்டத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் காட்சியகங்களுக்கும் மீன்தொட்டிக் கடைகளுக்கும் தனி விதிகளை வெளியிட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது, மீன் மருத்துவம் தெரிந்த நிபுணர் இருக்க வேண்டும், 158 இனங்களை வைக்கவோ விற்கவோ கூடாது என்றெல்லாம் அவை சொல்லின. வண்ணமீன் கடைகள் நிறைந்த சென்னைக் கொளத்தூர் முதல் கொல்கத்தா வரை எதிர்ப்பு கிளம்பியது. விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகு 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், எலி இனங்கள், கூண்டுப் பறவைகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, வேறு சட்டம் தடை செய்யாத மற்ற விலங்குகளும் இதில் அடங்கும் என்று முடிக்கின்றன. மீன் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஓர் அலுவலர் மீனும் அடங்கும் என்று வாசிக்கலாம், இன்னொருவர் அடங்காது என்று வாசிக்கலாம். அடங்கும் என்றால் மொட்டை மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் 5,000 ரூபாய் கட்டிக் கடையாகப் பதிய வேண்டும். மொத்த விலையில் ஒரு ஜோடி சாதாரணக் கப்பிக்குக் கிடைக்கும் காசை அறிந்தவர்கள் இந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம் வீட்டுப் பின்புறத்தில் வண்ணமீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் தருகிறது. அதே அரசின் ஒரு துறை வீட்டில் மீன் வளர்க்கப் பணம் கொடுக்கிறது; இன்னொரு துறையின் விதி அதே வீட்டைக் கடை என்று வாசிக்க இடம் தருகிறது. இதற்கிடையில் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த கீழ்க்கட்டளையில், மாடித் தொட்டிக்கும் தொழில் உரிமம் உண்டா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. மூன்று கதவுகள், மூன்றிலும் தெளிவான பதில் இல்லை என்பதால் பெரும்பாலோர் எதையும் தட்டுவதில்லை. மறைந்து விற்கிறார்கள். வார இறுதியில் தெரிந்தவர் வண்டியில் கொளத்தூருக்கு அனுப்புவதும், ஆக்சிஜன் பேக்கிங் செய்து ஆம்னி பஸ் பார்சலில் ஏற்றுவதும்தான் நடக்கிறது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், முதல் நாளே இரை நிறுத்திய மீன், வெளியே தெர்மாகோல் பெட்டி: தொழில் சுத்தமாகத்தான் நடக்கிறது. அது யாருடைய கணக்கிலும் இல்லை, அவ்வளவுதான்.

கணக்கில் இல்லாததால் யாருக்கு நட்டம்? எங்களைவிட ஏரிக்கு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பாதை முழுவதும் தெருக்களும் ஏரிகளும் ஒன்றாகக் கிடந்தன. தரையோடு கட்டிய சிமெண்ட் தொட்டிகள் உள்ள வீடுகளில் தொட்டிக்கும் ஏரிக்கும் நடுவே அன்று எல்லை எதுவும் இருந்திருக்காது. பள்ளிக்கரணை 2022-இல் சதுப்புநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அதற்கு மேல்நீரில் இருக்கும் தெருக்களில் எந்த மீன் வளர்கிறது என்பது எங்கள் சொந்த விஷயம் மட்டும் அல்ல. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்ற பெரிய மீன்கள் சிக்கியதை நாடே பார்த்தது. அவை காட்டிலிருந்து வரவில்லை, வளர்ப்புக் குளங்களிலிருந்து வந்தவை.

ஆனாலும் பெரிய மீன்களைவிட எங்களுக்குக் கவலை தருவது, இரண்டு அங்குலக் குஞ்சாக எல்லாக் கடையிலும் கிடைக்கும் டேங்க் கிளீனர். பாசி தின்னும் என்று வாங்கிப் போடுகிறார்கள். அது ஒரு அடியைத் தாண்டி வளரும், தொட்டியில் இடம் போதாது, கொல்ல மனம் வராது, ஏரிக்குப் போகும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடும், முள்ளால் வலையைக் கிழிக்கும், தண்ணீர் கெட்டாலும் காற்றைச் சுவாசித்துத் தாக்குப்பிடிக்கும். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் மீனவர் வலையில் அது வருவது இப்போது செய்தியே இல்லை. இந்தக் கேட்டைச் செய்தது தொட்டிகளின் எண்ணிக்கை அல்ல. நூறு தொட்டி கப்பி வளர்ப்பவரைவிட, ஒரே தொட்டியில் வளர்த்த டேங்க் கிளீனரை ஏரியில் விடுபவர் செய்யும் தீங்கு அதிகம்.

ஆகவே பதிவு இனத்தைப் பொறுத்து மூன்று விதமாக இருக்கட்டும் என்கிறோம். கப்பி, மாலி, பிளாட்டி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் போன்று பல பத்தாண்டுகளாக இங்கே வளர்க்கப்படும் மீன்களுக்குக் கட்டணம் இல்லாத அறிவிப்பு போதும்: பெயர், முகவரி, இனப் பட்டியல், ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பு. கப்பியும் ஏரியில் பெருகக் கூடியதுதான் என்பதால் கழிவுநீர் வழியில் வலை வைப்பது இந்தப் பட்டியலுக்கும் நிபந்தனையாக வேண்டும். டேங்க் கிளீனர் போன்று ஏரியில் நிலைத்துவிடும் இனங்களை வீட்டில் பெருக்குவதற்கும் விற்பதற்கும் தடை வேண்டும். ஏற்கெனவே வைத்திருப்பவர் கொண்டுவந்து ஒப்படைக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் இல்லாமல் தடை மட்டும் போட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் ஏரிக்குப் போய்ச் சேரும். மூன்றாவது பட்டியலுக்குச் சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. ஆசிய அரோவானா பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் (CITES) முதல் இணைப்பில் உள்ள மீன். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் அதை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. பெருக்குபவர் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் உரிமம் பெற வேண்டும். கடல்குதிரையும் பவளமும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, அவற்றைத் தொடவே கூடாது. மரபணு மாற்றி ஒளிர வைத்த மீன்களுக்கு மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி தேவை. இவற்றில் எந்தத் தளர்வையும் நாங்கள் கேட்கவில்லை.

பதிவு என்றால் அலுவலர் வருவார், வந்தால் கை நீட்டுவார் என்பது உறுப்பினர்களின் முதல் அச்சம். அதை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் லஞ்சத்துக்கு இடம் தருவது தெளிவில்லாத விதி. நீ கடையா வீடா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத இன்றைய நிலையில்தான் மிரட்ட முடியும். கைபேசியில் பதிந்து எண் பெற்றவரிடம், பட்டியலில் உள்ள மீனை மட்டும் வைத்திருப்பவரிடம், கேட்பதற்கு எதுவும் இருக்காது. வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் அந்த எண்ணே சான்றாகும் என்றால் மறைந்திருக்க யாருக்கும் காரணம் இல்லை.

விலங்கு நல ஆர்வலர்கள் எதிர்த் திசையிலிருந்து கேட்கிறார்கள்: மீனுக்கும் வலி உண்டு, நாய்க்கு உள்ள விதி மீனுக்கு ஏன் வேண்டாம்? நியாயமான கேள்வி. சாயம் ஏற்றிய மீனை விற்பது கொடுமை, அது நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு அவர்களோடு வேறுபாடு இல்லை. கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைப்பதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. அது அழுக்கு அதிகம் விடும், பெரிதாக வளரும் மீன். ஆனால் கிண்ணம் கூடாது என்று பொதுவாக எழுதினால் ஃபைட்டர் வளர்ப்பே குற்றமாகிவிடும். காற்றை நேரே சுவாசிக்கும் உறுப்புள்ள அந்த மீனுக்குச் சண்டையில் துடுப்பு கிழிவதைவிடத் தண்ணீர் அடிக்கடி மாற்றும் தனிப் பாட்டில் நல்லது. நாய்க்கூண்டின் நீள அகலத்தை வைத்து மீனின் நலத்தை அளக்க முடியாது. தண்ணீரின் தரம், தொட்டியில் உள்ள மீன்களின் நெருக்கம், நோய் வந்ததைப் பிரித்து வைக்கும் வசதி இவை தெரிந்தவர்கள் மீன்வளத் துறையிலும் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். பொறுப்பு அவர்களிடம் போக வேண்டும் என்பதன் காரணம் இதுவே, சலுகை தேடி அல்ல.

கொளத்தூர் கடைக்காரர்கள் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாடகை, ஆள் கூலி, உரிமம் எல்லாம் கட்டி நாங்கள் விற்க, மாடியில் வளர்ப்பவர் பாதி விலைக்குக் கொடுக்கிறாரே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்களின் தொட்டிகளில் உள்ள மீனில் கணிசமானது வீடுகளிலிருந்து போவதுதான். கொளத்தூர் வளர்ந்ததே சுற்றியுள்ள குடும்பங்களின் தொட்டிகளால்தான். எல்லை வேண்டும் என்றால் அது விற்கும் முறையில் இருக்கட்டும்: தான் பெருக்கிய மீனை மட்டும் விற்பவர் வீட்டு வளர்ப்பாளர், வெளியில் வாங்கி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் வணிகர், கடைக்குரிய எல்லாம் அவருக்கும் உண்டு. எங்கள் உறுப்பினர்களில் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் தாண்டியதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் தீர்மானித்திருக்கிறோம்.

தண்ணீரும் கொசுவும் அண்டை வீட்டாரின் கவலை. மீன் உள்ள தொட்டியில் புழு தங்காது. மீன் எடுத்துவிட்டுக் காயவைக்காமல் விட்ட தொட்டியில்தான் தங்கும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளருக்கு எந்த நேரமும் மாடிக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைப் பதிவின் நிபந்தனையாகவே சேர்க்கலாம். மாற்றும் தண்ணீர் செடிக்கு நல்ல உரம், தெருவுக்கு விட வேண்டியதில்லை.

அரசின் முடிவு வரும் வரை காத்திருக்கப் போவதில்லை. உறுப்பினர்கள் தங்கள் இனப் பட்டியலைச் சங்கத்தில் தர வேண்டும். டேங்க் கிளீனரை யாரும் பெருக்கவோ விற்கவோ கூடாது. வேண்டாத மீனை யார் கொண்டுவந்தாலும், உறுப்பினர் அல்லாதவர் ஆனாலும், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள், தரைமட்டத் தொட்டிகளில் உள்ள எல்லா மீனையும் மாடிக்கு ஏற்றிவிட வேண்டும்; ஏற்ற முடியாத தொட்டிகளின் மேல் வலை கட்டி, நிரம்பி வழியும் குழாய்க்கும் வலை வைக்க வேண்டும். நாராயணபுரம் ஏரிக்குப் போகும் வாய்க்காலை ஒட்டிய வீடுகளில் இதை முதலில் செய்கிறோம். ஒப்படைப்புத் தொட்டிக்கு ஓரிடம் தருமாறு தாம்பரம் மாநகராட்சியையும், பட்டியல் தயாரிக்க ஒரு நாள் எங்களோடு உட்காருமாறு மீன்வளத் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.