வீட்டுக் காப்புறுதி: கட்டுப்பணத்தை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

காப்புறுதிப் பத்திரத்தைப் புதுப்பிக்குமாறு கோரும் அறிவித்தல் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எம்மவர்களில் பெரும்பாலானோரின் கண்கள் தேடிச் செல்வது ஒரேயொரு வரியைத்தான். இம்முறை எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரி அது. கடந்த வருடத்தை விடக் கூடியிருந்தால் வேறு கம்பனியொன்றின் முகவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவர் ஆயிரம் ரூபா குறைத்துச் சொன்னால் பத்திரம் கைமாறிவிடும். ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியும் கிடைத்துவிடும். ஆனால், இரண்டு பத்திரங்களிலும் எழுதப்பட்டிருப்பவை ஒன்றுதானா என்பதைப் பார்க்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடுவதில் எந்த அர்த்தமும் இல்லை என்பது இப்பத்தியாளரின் அபிப்பிராயம்.

2025 நவம்பர் 28ஆம் திகதி கரையைக் கடந்த 'டித்வா' சூறாவளிக்குப் பிறகு இந்த விடயத்தை இனியும் கம்பனிகளுக்கும் முகவர்களுக்கும் உரிய காரியமாக விட்டுவிட முடியாது. அந்த அனர்த்தத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையின் 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. கட்டடங்களுக்கும் விவசாயத்துக்கும் உட்கட்டமைப்புக்கும் ஏற்பட்ட நேரடிச் சேதத்தை உலக வங்கி சுமார் 410 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது. மலையகத்தில் மண்சரிவிலும், களனி கங்கையின் கரையோரங்களில் வெள்ளத்திலும் வீடுகளைப் பறிகொடுத்தவர்களுக்குக் காப்புறுதி என்பது எட்டாத பொருளாகவே இருந்துவந்திருக்கிறது. லயன் அறைக்கு உரிமைப் பத்திரமே இல்லாத தோட்டத் தொழிலாளியிடம் காப்புறுதிப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசமாகிவிடும். 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அரசாங்கம் ஆரம்பித்த இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், சொந்தமாகக் காப்புறுதி செய்துகொள்ளாதவர்களின் வீடுகளுக்கு 25 இலட்சம் ரூபா வரையில் இழப்பீடு என்ற உச்சவரம்புடன் தொடங்கப்பட்டதும் இதனாலேயே. அது தனியாகவே ஆராயப்பட வேண்டிய விடயம். இங்கு பேசப்படுவது, பத்திரமும் வைத்துக்கொண்டு பணமும் கட்டிக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பவர்களைப் பற்றியது.

அத்தகையவர்களில் கணிசமானோர் விரும்பிக் காப்புறுதி செய்தவர்கள் அல்லர். வீடு கட்டக் கடன் கொடுத்த வங்கி கேட்டதால் செய்தவர்கள். வங்கியின் மேசையிலேயே விண்ணப்பம் நிரப்பப்பட்டு, கடன் தவணையோடு கட்டுப்பணமும் அறவிடப்பட்டு, மூலப்பத்திரமும் வங்கியிலேயே தங்கிவிடும். இழப்பு நேர்ந்தால் முதல் உரிமை வங்கிக்கே. வங்கி தனது கடனை மனதிற்கொண்டு செய்யும் ஏற்பாடு இது. அதில் தவறேதும் இல்லை. ஆனால், 60 இலட்சம் ரூபா கடனுக்காக 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கும் வீடு 3 கோடி ரூபா பெறுமதியானதாக இருக்கலாம். கடன் தீர்ந்ததும் அந்தக் காப்புறுதியும் ஓசையின்றி முடிந்துவிடுவது இன்னொரு வேடிக்கை. வங்கியில் இருக்கும் பத்திரத்தின் பிரதியொன்றை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது வீட்டுக்காரரின் உரிமை. முதலில் செய்ய வேண்டியதும் அதுவே.

பிரதி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது காப்புறுதித் தொகை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அதே வருடம் மே மாதத்தில் சுமார் 360 ரூபாவைத் தொட்டது. சீமெந்து, கம்பி, ஓடு, தரை ஓடுகள், மின்வயர், குளியலறைப் பொருட்கள் என அனைத்தினதும் விலை அதனோடு சேர்ந்து ஏறியது. டொலர் பின்னர் ஓரளவு இறங்கிய போதிலும் கட்டுமானச் செலவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பத்திரத்தில் மட்டும் 2018இல் எழுதிய தொகை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மாற்றமின்றிப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இதன் விளைவு என்ன? முழு வீடும் எரிந்தால் மட்டுமே பாதகம், சிறிய சேதமென்றால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 'சராசரி விதி' என்ற ஏற்பாடு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இன்று மீளக் கட்டுவதற்கு 3 கோடி ரூபா தேவைப்படும் வீடொன்று 1½ கோடி ரூபாவுக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. மின்னொழுக்கினால் சமையலறையில் தீப்பற்றி 40 இலட்சம் ரூபா சேதம் ஏற்படுகிறது. 40 இலட்சம் என்பது காப்புறுதித் தொகைக்கு வெகு கீழேதான் இருக்கிறது. ஆயினும், பெறுமதியில் பாதிக்கு மட்டுமே காப்புறுதி செய்திருப்பதால் மற்றப் பாதியை வீட்டுக்காரரே தாங்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டு, கையில் கிடைப்பது 20 இலட்சம் மாத்திரமே. அதிலிருந்தும் பத்திரத்தில் சொல்லப்பட்ட கழிவுத்தொகை போகும். கட்டுப்பணத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்தவர் இழப்பீட்டில் இலட்சங்களைக் கைவிட நேருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கொழும்பில் காணியின் விலையையும் சேர்த்து, வீட்டை விற்றால் கிடைக்கக்கூடிய பெறுமதிக்குச் சிலர் காப்புறுதி செய்துவிடுகிறார்கள். காணி எரிவதில்லை. கம்பனி கொடுப்பது கட்டடத்தை மீள நிறுத்துவதற்கான செலவைத்தானே தவிர சந்தை விலையை அல்ல. சதுர அடிக்கு இன்றைய செலவு எவ்வளவு என்று அப்பிரதேசத்தில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கேட்டு, இடிபாடுகளை அகற்றுவதற்கான செலவு, மதில், தண்ணீர்த் தாங்கி, சூரிய மின்தகடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சரியான தொகைக்கு அண்மையில் வந்துவிடலாம்.

அடுத்தது, எந்தெந்த ஆபத்துகளுக்குக் காப்பு இருக்கிறது என்ற கேள்வி. தீயும் இடிமின்னலும் அடிப்படைப் பத்திரத்தில் இருக்கும். சூறாவளி, புயல், வெள்ளம் என்பன மேலதிகக் காப்பாகச் சேர்க்கப்படுபவை. மண்சரிவு அந்தக் கூட்டத்துக்குள் அடங்குகிறதா, தனியாகக் கேட்டுப் பெற வேண்டியதா என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்கள் 'வெள்ளம் இருக்கிறது' என்ற முகவரின் வாய்வார்த்தையோடு நின்றுவிடக் கூடாது. அத்துடன், இயற்கை அனர்த்தங்களுக்கான கழிவு பெரும்பாலும் குறித்த ஒரு தொகையாக அன்றி இழப்பின் ஒரு சதவீதமாகவே எழுதப்படுகிறது. அது 10 சதவீதமாக இருந்தால் ஒரு கோடி ரூபா சேதத்தில் 10 இலட்சம் வீட்டுக்காரரின் தலையில் விழும். இரண்டு கம்பனிகளுக்கிடையில் ஒப்பிட வேண்டிய வித்தியாசங்களில் இது முக்கியமானது. விலைத்தாளின் முதற்பக்கத்தில் இதைக் காண்பது அரிது.

இனி, எமது சமூகத்துக்கு மற்ற எவரையும் விடக் கூடுதலாகப் புரிந்திருக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம். தீக்காப்புறுதி என்றால் எந்தத் தீக்கும் காப்பு என்று சாதாரண மனிதன் நினைப்பது இயல்பு. கலகக்காரர்கள் மூட்டும் தீ அடிப்படைப் பத்திரத்தில் சேர்வதில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் தமிழர்களின் வீடுகள் எரிக்கப்பட்ட போது, கலகத்துக்கான மேலதிகக் காப்பு இல்லாத தீக்காப்புறுதிப் பத்திரம் வெறும் கடதாசியாகவே இருந்தது. 1987இல் வேலைநிறுத்தம், கலகம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரசாங்கமே ஒரு நிதியத்தை அமைத்தது. அந்தப் பொறுப்பு இப்போது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் இருக்கிறது. கம்பனிகள் இந்தக் காப்புக்கான பணத்தை வாடிக்கையாளரிடம் அறவிட்டு அந்த நிதியத்துக்கு அனுப்புகின்றன. வீதத்தைத் தீர்மானிப்பதும் நிதியமே. ஆகவே, இந்த ஒரு விடயத்தில் கம்பனிக்குக் கம்பனி விலை விசாரித்து அலைவதில் பயனில்லை. கேட்க வேண்டியது, அது பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே. கலகத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் கட்டணம் வெவ்வேறாக இருப்பதால் ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம். ஒருவர் சொல்லும் கட்டுப்பணம் மற்றவர் சொல்வதை விடக் கணிசமாகக் குறைந்திருந்தால் விடுபட்டிருப்பது இதுதானா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அதெல்லாம் பழைய கதை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும், 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளிலும் எரிக்கப்பட்டவை முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும். 2022 மே 9ஆம் திகதி எரிந்தவை ஆளும் கட்சி அரசியல்வாதிகளின் வீடுகள். இந்நாட்டில் எவருடைய வீடு எப்போது எரியும் என்று எவரால்தான் உறுதி கூற முடியும்?

யுத்தம் இதிலிருந்து வேறுபட்டது. போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றால் ஏற்படும் சேதத்தை உலகெங்கிலும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் விலக்கியே வைக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் ஷெல் வீச்சிலும் விமானக் குண்டுவீச்சிலும் தரைமட்டமான வீடுகளுக்குக் கலகக் காப்பு இருந்திருந்தாலும் உதவியிருக்காது.

அந்த இடிபாடுகளின் மீது புலம்பெயர்ந்தோரின் பணத்தில் எழுந்த பல வீடுகள் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூட்டிக் கிடக்கின்றன. ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம் திறக்கப்பட்டு மீண்டும் பூட்டப்படும் வீடுகள். இவற்றைக் காப்புறுதி செய்திருப்பவர்களும், செய்ய எண்ணுபவர்களும் 'ஆளில்லாத வீடு' பற்றிய நிபந்தனையைத் தேடிப் படிக்க வேண்டும். தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் எவரும் வசிக்காவிட்டால், கம்பனியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத நிலையில் காப்பு அற்றுப்போகும் என்பது தீக்காப்புறுதியில் நீண்டகாலமாக இருந்துவரும் விதி. களவு விடயத்தில் நிபந்தனை இன்னும் இறுக்கமாக இருக்கலாம். ஒன்றுவிட்ட தம்பி பின்னேரத்தில் வந்து விளக்குப் போட்டுவிட்டுப் போவது 'வசிப்பது' ஆகாது. வீடு பூட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்து, சற்றுக் கூடுதலாகக் கட்டியாவது அதற்கேற்ற பத்திரத்தைப் பெறுவது பின்னர் வாதாடுவதை விடப் புத்திசாலித்தனம்.

இதே சிக்கல் குடியேறிய நாடுகளிலும் உண்டு. ரொறன்ரோவில் 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தபோது, வீதி வழியாக வீட்டுக்குள் புகும் வெள்ளத்துக்குக் கனேடிய வீட்டுப் பத்திரங்களில் காப்பே இருக்கவில்லை. 2015 முதல்தான் அது விற்பனைக்கு வந்தது. இப்போதும் சாக்கடை பின்னோக்கி வழிவதற்கு ஒரு காப்பு, நிலத்தின் மேலாக வரும் நீருக்கு இன்னொரு காப்பு என இரண்டும் தனித்தனியே சேர்க்கப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பும் உண்டு. 2024 ஜூலை 16ஆம் திகதி அந்நகரம் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியபோது இந்த வேறுபாடு முக்கியமாயிற்று. பேஸ்மன்ற்றை வாடகைக்கு விட்டிருக்கும் எம்மவர்கள் அதைக் கம்பனிக்கு அறிவிக்காமல் இருப்பது இதனிலும் ஆபத்தானது. குளிர்காலத்தில் ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்குபவர்களின் வீட்டில் நீர்க்குழாய் உறைந்து வெடித்தால், அந்நாட்களில் வீட்டைப் பார்க்க ஒழுங்காக ஆள் வந்தாரா என்பதே முதற்கேள்வியாக இருக்கும்.

பிரித்தானியாவில் நிலைமை வாடிக்கையாளருக்கு ஓரளவு சாதகமாக மாறியிருக்கிறது. கடந்த வருடக் கட்டுப்பணத்தைப் புதுப்பித்தல் அறிவித்தலில் காட்ட வேண்டும் என்ற விதி 2017இல் வந்தது. புதிதாக வருபவரிடம் கேட்பதை விடக் கூடுதலான விலையைப் பழைய வாடிக்கையாளரிடம் புதுப்பிக்கும்போது கேட்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பல வருடங்கள் விசுவாசமாக ஒரே கம்பனியில் இருந்தவரே கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பு கண்டறிந்ததன் விளைவு அது. இலங்கையின் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இதைக் கருத்திற் கொள்ளலாம்.

கொழும்பில் தொடர்மாடி வீடுகளில் வசிப்பவர்கள் முதலில் தமது முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கட்டடத்துக்கான காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். சுவரும் கூரையும் மின்தூக்கியும் அதில் அடங்கியிருந்தால், தமது வீட்டின் உட்பூச்சு வேலைகளுக்கும் தளபாடங்களுக்கும் நகைகளுக்கும் மட்டும் தனியே செய்துகொண்டால் போதும். நகைகளுக்குப் பொதுவாக மிகக் குறைந்த வரம்பே இருக்கும். ஒவ்வொன்றையும் நிறையோடு பட்டியலிட்டு ஒப்படைத்தால்தான் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியும். கட்டடத்துக்குக் காப்புறுதியே இல்லை என்ற பதில் கிடைத்தால் அதை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு எழுத்தில் கேட்கலாம்.

இவ்வளவையும் புதுப்பிக்கும் திகதிக்கு முதல்நாள் செய்ய இயலாது. ஒரு மாதத்துக்கு முன்னதாகவே ஒரே காப்புறுதித் தொகை, ஒரே மேலதிகக் காப்புகள், ஒரே கழிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு மூன்று கம்பனிகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் வரும் மூன்று விலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முகவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ தருமாறு கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. இழப்பீட்டில் பிணக்கு ஏற்பட்டு கம்பனியோடு பேசித் தீராதபோது காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே.